வேலை ஓடுது, சரக்கு ஏன் நகரலை? வடசென்னைப் பட்டறை, குடோன்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி தொழிற்பேட்டை, மணலி, திருவொற்றியூர் லேத் பட்டறைகள், மாதவரம் குடோன்கள், தண்டையார்பேட்டை பேக்கிங் யூனிட்டுகள். இந்தப் பக்கத்து முதலாளிகளும் சூப்பர்வைசர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஐந்து பேரிலிருந்து ஐம்பது, அறுபது பேர் வரை வேலை பார்க்கும் இடங்களை மனதில் வைத்துத்தான் பதில்கள். ஐந்நூறு பேர் கம்பெனிக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே இதற்கென்றே தனி டிபார்ட்மென்ட் இருக்கும்.

உற்பத்தித் திறன் என்றால் நிறைய உற்பத்தி செய்வதுதானே?

இல்லை. பத்து பேர் எட்டு மணி நேரம் வேலை செய்து 400 பீஸ் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். 80 ஆள்-மணி. மணிக்கு ஓர் ஆளுக்கு 5 பீஸ். தீபாவளி ஆர்டர் வருகிறது. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து, எல்லாருக்கும் இரண்டு மணி நேரம் ஓ.டி. போட்டு 460 பீஸ் எடுக்கிறீர்கள். இப்போது 120 ஆள்-மணி ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் ஆளுக்கு மணிக்கு 3.8 பீஸ்தான். உற்பத்தி ஏறியிருக்கிறது, திறன் இறங்கியிருக்கிறது. ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் என்பதையும் சேர்த்தால், அந்தக் கூடுதல் 60 பீஸில் லாபம் நின்றதா என்பதே சந்தேகம்.

அந்த மாதம் முதலாளி முகத்தில் சிரிப்பு இருக்கும். ஆடிட்டர் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

ஆட்கள் எல்லாரும் நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்புறம் ஏன் டெலிவரி தள்ளிப்போகிறது?

ஆட்கள் ஓடுகிறார்கள், சரக்கு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஆளைப் பார்க்கிறீர்கள். சரக்கைப் பாருங்கள்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. நாளைக் காலை புதிதாக ஆரம்பிக்கிற ஒரு ட்ரேயில் ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள். கட்டிங்கில் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, டிரில்லிங்குக்கு எப்போது போனது, டேப்பிங், பர் எடுப்பது, பிளேட்டிங்குக்கு வெளியே போன நேரம், திரும்பி வந்த நேரம், பேக்கிங். ஒவ்வொரு இடத்திலும் அங்கே வேலை பார்க்கிறவரே பேனாவால் நேரத்தை எழுதட்டும். ட்ரே வாசலைத் தாண்டும் நாளில் அட்டையைக் கழற்றிப் படியுங்கள். கருவி உலோகத்தைத் தொட்ட நேரத்தை மட்டும் கூட்டினால் சில மணி நேரம் வரும். பட்டறைக்குள் கிடந்த நாட்களோ வாரக் கணக்கில் இருக்கும். மீதியெல்லாம் காத்திருப்பு: மெஷினுக்கு, ஃபிட்டருக்கு, சலான் போடுகிறவருக்கு, பிளேட்டிங் போகிற டெம்போவுக்கு, இன்ஸ்பெக்ஷன் சீலுக்கு.

சூப்பர்வைசர் பொதுவாக இந்த அட்டையைப் பிடிக்காதவராக இருப்பார். "சார், இந்த ட்ரே ஸ்பெஷல் கேஸ்" என்பார். சரி, அடுத்த ட்ரேயிலும் கட்டுங்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: சிறிய தொழிற்கூடங்களில் மெதுவான கைகளால் போகிற நேரம் குறைவு, காத்திருப்பில் போகிற நேரம் அதிகம். எதைச் சரிசெய்தாலும் அங்கிருந்து தொடங்குங்கள்.

பார்ட்டிக்கு டெலிவரி தேதி சொல்ல ஏதாவது கணக்கு உண்டா? இப்போது குத்துமதிப்பாகத்தான் சொல்கிறோம்.

உண்டு. இந்தக் கணக்கை ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. உள்ளே இருக்கிற வேலை எத்தனை, ஒரு நாளைக்கு முடிந்து வெளியே போவது எத்தனை? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், சராசரியாக ஒரு வேலை உள்ளே எத்தனை நாள் இருக்கும் என்று வந்துவிடும். 60 ஜாப் பாதியில் கிடக்கிறது, தினம் 5 முடிகிறது என்றால் 12 நாள். அப்படியிருக்க போனில் "நாலு நாள்ல குடுத்துடறோம் சார்" என்று சொன்னால், ஒன்று அது பொய், இல்லை வேறு ஒருவருடைய வேலையைத் தூக்கிப் பின்னால் போடப்போகிறீர்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாட்களைக் குறைக்க இரண்டு வழி. தினமும் முடிவதை ஏற்றலாம், அதற்கு மெஷின், ஆள், பணம் வேண்டும். அல்லது உள்ளே விடுவதைக் குறைக்கலாம், அதற்கு மனசு மட்டும் போதும். ஆர்டர் வந்த அன்றே மெட்டீரியலை வெட்டிப் போட்டுவிடுவது நம் பழக்கம், வேலை தொடங்கிவிட்டது என்று பார்ட்டியிடம் சொல்லலாமே என்று. வெட்டியதெல்லாம் அடுத்த மெஷின் முன்னால் மலையாகக் கிடக்கும். ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே என்று ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்.

ஒரு மெஷின் சும்மா நின்றாலும் எனக்கு வயிறு எரிகிறது. இ.எம்.ஐ. கட்டுகிறேனே?

எரிச்சல் புரிகிறது. ஆனால் எல்லா மெஷினும் நிற்காமல் ஓடினால்தான் லாபம் என்பது தவறான கணக்கு.

ஒவ்வொரு பட்டறையிலும் எல்லா வேலையும் வந்து முட்டுகிற ஓர் இடம் இருக்கும். ஒரு சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்), ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் அடுப்பு, சில இடத்தில் ஒரு வெல்டர். மொத்தப் பட்டறையின் வேகமும் அந்த இடத்தின் வேகம்தான். இஸ்ரேல்காரரான எலியாஹு கோல்ட்ராட் இதை ஒரு முறையாகவே வகுத்து வைத்தார், அவர் அடிப்படையில் இயற்பியல் படித்தவர். முட்டுகிற இடத்தில் ஒரு மணி நேரம் போனால் மொத்தக் கம்பெனிக்கும் ஒரு மணி நேரம் போச்சு. மற்ற இடத்தில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடித்தாலும் குவியல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ரிப்போர்ட் வேண்டாம். எந்த மெஷின் முன்னால் ட்ரேக்கள் எப்போதும் அடுக்கிக் கிடக்கின்றன? அதேதான். அங்கே சாப்பாட்டு நேரத்திலும் ஆள் மாற்றி ஓட்டுங்கள். பழுதான பீஸ் அதில் ஏறுவதற்கு முன்பே பொறுக்கி எடுத்துவிடுங்கள், அதன் நேரத்தை ஸ்கிராப்புக்குச் செலவழிக்க வேண்டாம். அந்த மெஷினில் நிற்கிறவரைக் குடோனுக்குப் போல்ட் எடுத்துவர அனுப்பாதீர்கள்.

இன்னொரு விஷயம், பலர் நம்ப மறுப்பது. வேலை சீராக வராமல் ஏறி இறங்கி வருகிற இடத்தில், மெஷினை எவ்வளவு நிரப்புகிறீர்களோ அதைவிடப் பல மடங்கு வேகத்தில் வரிசை நீளும். 80 சதவீதம் நிரப்பினால், ஒரு வேலை முடிய ஆகும் நேரத்தைப் போல் சுமார் 4 மடங்கு காத்திருக்க வேண்டும். 90 சதவீதத்தில் அது 9 மடங்கு. 95இல் 19 மடங்கு. வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில் வரும் எண்கள் இவை. உங்கள் பட்டறையில் துல்லியமாக இதே வராது, ஆனால் போக்கு இதேதான். நூற்றுக்கு நூறு நிரப்பிவிட்டு "ஏன் எல்லாமே லேட்டாகுது" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பிரஸ்ஸில் டை (தகட்டை வடிவாக அடிக்கும் அச்சு) மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் ஒருமுறை மாட்டினால் பத்து நாளைக்கு வேண்டியதை அடித்து வைக்கிறோம். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்று ஏற்றுக்கொண்டால் நீங்கள் செய்வது நியாயம்தான். அந்த ஒரு மணி நேரத்தை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்பதே என் கேள்வி.

ஒரு பவர் பிரஸ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டை மாற்றுவதை முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். கடைசி பீஸ் விழுந்தது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்பக்க ரேக்குக்குப் போகிறார். வேண்டிய டை இரண்டு டைகளுக்கு அடியில் இருக்கிறது. கூப்பிட்டால் ஹெல்பர் வர ஐந்து நிமிடம். தூக்கி வந்து வைத்தாயிற்று, இப்போது 19 ஸ்பேனரைக் காணோம், பக்கத்து பிரஸ்காரர் எடுத்துப் போயிருக்கிறார். போல்ட் நீளம் அதிகம். கிளாம்புக்கு அடியில் கொடுக்கப் பேக்கிங் கட்டை வேண்டும், ஸ்கிராப் குவியலில் கிளறுகிறார். ராம் (பிரஸ்ஸில் மேலிருந்து அடிக்கும் பாகம்) இறக்கி, ஒரு அடி அடித்து, கொஞ்சம் ஏற்றி, மறுபடி ஒரு அடி. முதல் பீஸ் வந்தது. அளக்க வெர்னியர் ஆபீஸ் டிராயரில், சாவி இன்சார்ஜிடம், அவர் டீக்கடையில்.

இதில் டையை உட்கார வைத்து இறுக்கிய நேரம் கால் மணி இருக்குமா? மீதி எல்லாம் தேடல்.

ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் செய்த வேலையின் அடிப்படையும் இதுதான். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்துவிடக்கூடிய வேலை எது என்று பிரித்தார். 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற 4 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. முதலில் அது ஒன்றரை மணி நேரமாயிற்று, பிறகு 3 நிமிடம் வரை வந்தது.

நமக்கு 3 நிமிடம் வேண்டாம். முந்தைய வேலை ஓடும்போதே அடுத்த டை ட்ராலியில் பிரஸ் பக்கத்தில் வந்து நிற்கட்டும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் தனி ஸ்பேனர், ஒரே நிறப் பெயிண்ட் அடித்துச் சங்கிலியில். ஒவ்வொரு டைக்கும் சரியான உயரப் பேக்கிங்கை வெல்டு செய்து டையோடு கட்டிவிடுங்கள். முடிந்தால் எல்லா டைக்கும் அடித்தட்டு வைத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், ராம் செட்டிங் தொல்லையே போய்விடும். முதல் பீஸை அளக்கும் கேஜ் டையோடு தொங்கட்டும். இவ்வளவுக்கும் ஒரு வெல்டரின் இரண்டு நாள் கூலிதான் செலவு. கால் மணியில் டை மாறினால் பத்து நாள் சரக்கு அடிக்க வேண்டியதில்லை, இரண்டு நாளுக்கு அடித்தால் போதும். தகட்டில் முடங்கிய பணம் வெளியே வரும்.

ஒன்று மட்டும் கவனம். வேகம் வேகம் என்று மெயின் சுவிட்சை அணைக்காமல் டைக்குள் கை விட யாரையும் அனுமதிக்காதீர்கள். விரல் போன கதை பிரஸ் பட்டறைகளுக்குப் புதிதல்ல.

இதெல்லாம் ஜப்பான்காரர்கள் விஷயம். நம் ஊருக்குச் சரிவருமா?

இங்கிருந்து கொளத்தூர் தாண்டினால் பாடி. அங்கே சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998லேயே டெமிங் பரிசு (தர மேலாண்மைக்கு ஜப்பானில் தரும் விருது) வாங்கிவிட்டது, இந்தியாவில் முதல் கம்பெனி அதுதான். அங்கே நின்று வேலை பார்த்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

அதோடு இந்த முறைகள் பணக்கார இடத்தில் பிறந்தவை அல்ல. போருக்குப் பிந்தைய ஜப்பானில் கையில் காசில்லை, இடமில்லை, ஸ்டாக் வாங்கி அடுக்க வழியில்லை. அந்த நெருக்கடியில்தான் டாய்ச்சி ஓனோ டொயோட்டாவில் இதை வளர்த்தார். வியாசர்பாடியில் இருபதுக்கு நாற்பது ஷெட்டில் ஆறு மெஷினை நெருக்கிப் போட்டிருக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு எது?

ஐந்து எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக, சுத்தமாக வைக்கும் ஜப்பானிய முறை) என்று சுவரில் சார்ட் ஒட்டுகிறார்களே, அதை நாம் வருடத்துக்கு ஒரு தடவை அருமையாகச் செய்கிறோம், ஆயுத பூஜைக்கு முதல் நாள். வேண்டாததை எடைக்குப் போடுகிறோம், மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுகிறோம், காணாமல் போன கேஜ் எல்லாம் அன்றைக்குத்தான் கிடைக்கிறது. பூஜை முடிந்த மூன்றாம் வாரம் பழைய குருடி கதவைத் திறடி. சனிக்கிழமை சம்பளம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் மெஷினை நிறுத்தி அவரவர் இடத்தை அவரவர் ஒழுங்கு செய்யட்டும். அந்த அரை மணிக்கும் கூலி உண்டு என்று சொல்லிவிட்டால் முணுமுணுப்பு வராது.

கச்சாப்பொருள் சில சமயம் தீர்ந்துபோகிறது, சில சமயம் ஆறு மாதத்துக்குக் குவிந்து கிடக்கிறது. என்ன செய்வது?

விலை உயர்ந்த, அதிகம் ஓடுகிற பத்துப் பதினைந்து ஐட்டத்துக்கு மட்டும் கணக்கு வையுங்கள். நட்டு, போல்ட், வாஷருக்கு எல்லாம் ரிஜிஸ்டர் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றுக்கு இரண்டு டப்பா போதும். ஒன்று காலியானால் ஆர்டர் போடு, மற்றொன்று அதுவரை தாங்கும்.

முக்கிய ஐட்டத்துக்குக் கணக்கு இப்படி. வெல்டிங் ராடு தினம் 8 கிலோ போகிறது, ஆர்டர் போட்டு வர 5 நாள். அப்படியானால் 40 கிலோ. பாரிமுனையில் ஸ்டாக் இல்லை என்று கைவிரித்தால் தாங்க இன்னொரு 15 கிலோ. ஸ்டாக் 55 கிலோவைத் தொட்ட அன்று போன் போட வேண்டும். தீர்ந்த அன்று அல்ல.

எங்களுடையது மாதவரத்தில் குடோன். பட்டறைக் கதையெல்லாம் எங்களுக்கு எதற்கு?

காத்திருப்பு உங்களிடம் இன்னும் அதிகம். வண்டி வந்து நிற்கிறது, லோடுமேன்கள் தயார், சரக்கு எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேறு வண்டியில் நிற்கிறார்.

தரையில் கட்டம் போட்டு எண் எழுதுங்கள். வரிசைக்கு எழுத்து, அடுக்குக்கு எண். "பி-7" என்று ஸ்லிப்பில் எழுதினால் நேற்று சேர்ந்த பையனும் எடுத்து வருவான். அதிகம் ஓடுகிற சரக்கு ஷட்டர் பக்கம், வருடத்துக்கு இரண்டு முறை போவது உள்ளே மூலையில். கேட்டால் சாதாரணம், ஆனால் பெரும்பாலான குடோன்களில் எது முதலில் வந்ததோ அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

வண்டிகள் வரும் நேரத்தையும் பிரித்து விடுங்கள். எல்லா டிரான்ஸ்போர்ட்காரரையும் காலை பத்து மணிக்கு வரச்சொன்னால் பதினொன்று வரை தெருவில் சண்டை, மதியம் எல்லாரும் சும்மா.

ஏற்றுமதிச் சரக்கு ஃபேக்டரியை விட்டுச் சரியாகத்தான் கிளம்புகிறது. ட்ரெய்லர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மாட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

ரோட்டை மாற்ற முடியாது, கிளம்பும் நேரத்தை மாற்றலாம். நிறைய பேர் கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு, துறைமுகம் கண்டெய்னரை உள்ளே வாங்கும் கடைசி நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் கடைசி இருபது வண்டிகள் கேட்டைத் தொட எவ்வளவு நேரம் எடுத்தன என்று டிரைவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். மோசமான இரண்டு மூன்று வண்டிகளுக்கு ஆன நேரத்தை எடுத்து, அவ்வளவு நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். சராசரியை நம்பினால் பாதி வண்டி தாமதமாகத்தான் போகும்.

சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கா எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கா என்பதை ஃபார்வர்டரிடம் (சரக்கைக் கப்பலில் அனுப்பும் ஏஜென்ட்) முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மணலியிலிருந்து இரண்டுக்கும் வழி எதிரெதிர்.

டீ டைமைக் குறைத்தால் நேரம் மிச்சமாகுமா?

காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடம் பிடித்து நீங்கள் சம்பாதிக்கப் போவதை, ஒரு தவறான டை செட்டிங் ஒரே நாளில் சாப்பிட்டுவிடும். வடசென்னையில் இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்று குறைப்பட்டார்கள். அந்த மாதிரிக் குறைகளிலிருந்து எழுந்ததுதான் 1918 ஏப்ரலில் அமைந்த மெட்ராஸ் லேபர் யூனியன், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள்.

மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் நிற்கிறவருக்கு டீயும் தண்ணீரும் காற்றும் கொடுங்கள். கூரையில் டர்போ வென்டிலேட்டர் போட்டால் மதியம் மூன்று மணிக்கு மேல் வரும் ரிஜெக்ஷன் குறைகிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பீஸ் ரேட் நல்லதா, நாள் கூலி நல்லதா?

முட்டுகிற இடத்தைத் தவிர மற்ற இடங்களில் பீஸ் ரேட் போட்டால், தேவையில்லாத சரக்கு வேகமாகக் குவியும். பீஸ் ரேட் போட்டே ஆக வேண்டும் என்றால், இன்ஸ்பெக்ஷனில் பாஸான பீஸுக்கு மட்டும் காசு என்று வையுங்கள். ஆனால் பழுது மெட்டீரியலாலா கையாலா என்று பிரித்துப் பார்க்காமல் காசைப் பிடித்தால் நல்ல ஆள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

எங்களிடம் இருப்பது பீகார், ஒடிசா ஆட்கள். பாஷை புரியவில்லை, திடீரென்று ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

பாஷைக்குப் பேச்சைவிடச் சாம்பிள் உதவும். மெஷின் தலைமேல் ஒரு நல்ல பீஸ், ஒரு பழுதான பீஸ், பழுதான இடத்தில் சிவப்புப் பெயிண்ட். எந்த மொழிக்காரருக்கும் புரியும். அவர்களிலேயே மூத்தவர் ஒருவருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொடுத்து லீடராக்குங்கள்.

திடீரென்று யாரும் ஊருக்குப் போவதில்லை, நாம்தான் கேட்பதில்லை. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. ஹோலிக்கும் தீபாவளியை ஒட்டி வரும் சத் பூஜைக்கும் யார் யார் டிக்கெட் போடப்போகிறீர்கள் என்று இரண்டரை மாதம் முன்னாலேயே கேட்டு, பாதிப் பேர் இதற்கு, பாதிப் பேர் அதற்கு என்று பேசி முடித்துவிடலாம். டிக்கெட்டை நீங்களே போட்டுக் கொடுத்தால் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்தே இருக்கும்.

மெஷின் ஓடுகிறவரை ஓடட்டும், நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரியா?

காசிமேட்டைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி எஞ்சினைப் பிரிக்கிறார்கள், பலகை மாற்றுகிறார்கள், வலை பின்னுகிறார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் தொழிலிலும் மந்தமான மாதம் ஒன்று இருக்கும். பெரிய ரிப்பேரை அதில் வையுங்கள். முட்டுகிற மெஷினுக்கான பெல்ட், பேரிங், சென்சார் மட்டும் கையிருப்பில் எப்போதும் வேண்டும், மற்றதற்கு வேண்டாம். ஒரு விஷயம்: தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கம் நல்ல டீசல் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம்.

கரண்ட் பில்லைக் குறைக்க உடனடி வழி?

ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, ஷெட்டைச் சுற்றி நடந்து காது கொடுத்துக் கேளுங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட்டுக்கு மேல் குடிக்கும். தினம் 10 மணி நேரம், 25 நாள் என்றால் மாதம் 750 யூனிட்டுக்குக் குறையாது. சோப்புத் தண்ணீரும் இரண்டு கிளிப்பும்தான் மருந்து.

மழைக்காலத்துக்கு என்ன ஏற்பாடு?

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான டெலிவரித் தேதிகளைச் செப்டம்பரிலேயே மறுபடி பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததையும் பார்த்த பிறகும் மோட்டாரைத் தரையில் வைத்திருந்தால் யாரும் காப்பாற்ற முடியாது. போன தடவை தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, அதற்கு மேலே பேனல், மோட்டார், அட்டைப்பெட்டி எல்லாம். இன்சூரன்ஸ் பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் செப்டம்பரிலேயே படியுங்கள். வியாசர்பாடி சப்வேயில் தண்ணீர் நின்றால் ஆட்கள் எப்படி வருவார்கள் என்பதும் இதில் அடக்கம்.

இ.ஆர்.பி. சாஃப்ட்வேர் (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஒரு வெள்ளைப் பலகையில் இன்றைய வேலையைச் சரியாக எழுத முடியாத இடத்தில் சாஃப்ட்வேரும் தப்பாகத்தான் காட்டும். டாலி இருக்கிறது, எக்ஸல் இருக்கிறது, ஆறு மாதம் அதில் ஓட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் எடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். நேற்றைய குட் மார்னிங் படங்களுக்கு நடுவே எத்தனை ஆர்டர் புதைந்து கிடக்கிறதோ.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பார்ட்டி பணம் தர மாட்டேன் என்கிறார். அது ஆபரேஷன்ஸ் பிரச்சினையா?

ஆமாம். பணம் வராவிட்டால் மெட்டீரியல் வராது, மெட்டீரியல் வராவிட்டால் மெஷின் நிற்கும். அதுவும் காத்திருப்புதான்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால் 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றம் இதற்கு இன்னும் பலம் கொடுத்தது. கெடுவுக்குள் உங்களுக்குப் பணம் தராத பார்ட்டி, அந்தத் தொகையைக் கொடுக்கிற வரை தன் செலவாகக் கணக்கில் காட்டிக் கழிக்க முடியாது. மார்ச் மாதத்தில் திடீரென்று பார்ட்டிகள் தாமாகவே போன் செய்வது இதனால்தான்.

வழக்குப் போடச் சொல்லவில்லை. இன்வாய்ஸிலேயே உத்யம் எண்ணையும் 45 நாள் கெடுவையும் அச்சடித்துவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

வெளி ஆள் உதவி கிடைக்குமா? கன்சல்டன்ட் ஃபீஸ் கட்டுப்படியாகாது.

வீணைக் குறைக்கும் முறைகளைச் சிறு தொழில்களுக்குக் கொண்டுவரும் மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி. இடைநிலை, உயர்நிலைக்கு ஆகும் ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்று அறிவித்தார்கள். கிண்டியில் உள்ள எம்.எஸ்.எம்.இ. அலுவலகத்தில் விசாரியுங்கள். 1958இல் தொடங்கிய தேசிய உற்பத்தித்திறன் குழுவின் பயிற்சி நிலையம் அம்பத்தூரில் இருக்கிறது, உங்கள் சூப்பர்வைசரை அங்கே அனுப்பலாம். யார் வந்தாலும், முதல் நாளே லேப்டாப்பைத் திறக்கிறவரைவிட ஷெட்டில் நின்று பார்க்கிறவரை நம்புங்கள்.

கம்பெனியை நானும் அண்ணனும் சேர்ந்து பார்க்கிறோம். அவர் காலையில் ஒன்று சொல்கிறார், நான் மதியம் ஒன்று சொல்கிறேன். ஃபோர்மேன் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார்.

வடசென்னையில் பாதிப் பட்டறை இப்படித்தான் ஓடுகிறது. அண்ணன் தன் பழைய பார்ட்டி வேலையைத் தூக்கி முன்னால் போடுவார், தம்பி தன் புதுப் பார்ட்டி வேலையை. நடுவில் மாட்டிக்கொண்ட டை ஒரே நாளில் மூன்று தடவை மாறும்.

ஒரு பலகை, ஒரு மார்க்கர். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து, முட்டுகிற மெஷினில் மறுநாள் ஏறப்போகும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். மற்ற மெஷின்கள் அதற்கு ஏற்றபடி தாமாக ஓடும். எழுதியதை மறுநாள் சாயங்காலம் வரை இரண்டு பேரும் மாற்றக்கூடாது. பார்ட்டி போனில் கத்தினாலும் "பலகையைப் பார்த்துச் சொல்றேன் சார்" என்று சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றியவர் பெயரை அந்த வரிக்குப் பக்கத்தில் எழுத வேண்டும், அண்ணனாக இருந்தாலும். மார்க்கர் ஃபோர்மேனிடம் இருக்கட்டும்.